கடிகாரம் இல்லாத பெட்டி

மார்ச் பத்தொன்பதாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு, தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையின் நாற்சந்தியில் ஒரு கண்டெய்னர் லோரி மோட்டார்சைக்கிள் ஒன்றை இடித்தது. மோட்டார்சைக்கிளில் வந்த மாதவிக்கு இருபத்தாறு வயது. பிஸ்கட் டின் செய்யும் தொழிற்சாலைக்கு மத்தியான ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். உயிர் தப்பியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

லோரியை ஓட்டியவர் போர்ட் கிள்ளானைச் சேர்ந்த பழனியப்பன். முப்பத்தோரு வருடம் லோரி ஓட்டியவர். தனக்குப் பச்சை எரிந்தது என்று போலீசிடம் சொன்னார். தனக்கும் பச்சைதான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து மாதவி சொன்னாள். லோரி வடக்கிலிருந்து வந்தது, மோட்டார்சைக்கிள் கிழக்கிலிருந்து. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை எரியாது என்பதால், இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். கால் போனவள் பொய் சொல்வாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆபத்தாக லோரி ஓட்டியதாகப் பழனியப்பன் மேல் வழக்குப் போட்டார்கள்.

இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டவள் உர்சுலா.

உர்சுலாவுக்கு நாற்பத்தேழு வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவள். கிள்ளானில் இருக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சாலை விளக்குகளைப் பழுதுபார்க்கிறாள். தொழிற்பேட்டையின் விளக்குகளும் அந்த நிறுவனத்தின் பராமரிப்பில்தான் இருந்தன.

விபத்து நடந்த மறுநாள் பகல் ஒரு மணிக்கு அவள் அந்த நாற்சந்திக்குப் போனாள். ஓரத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் இரும்பு அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, குடைக்குக் கீழே நின்று விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. வெயில் ஏற ஏற அலமாரிக்குள் சூடு ஏறியது. ஒன்று நாற்பதுக்கு வடக்கே பச்சைக்கான நேரம் முடிந்து, சிவப்பும் வந்தது. ஆனால் பச்சை அணையவில்லை. சிவப்புக்குக் கீழே பச்சையும் எரிந்துகொண்டேயிருக்க, கிழக்கே பச்சை வந்தது. நான்கு வினாடி. பிறகு அலமாரிக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். எல்லாம் சரியாகிவிட்டது. விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே ஒன்று சூட்டில் ஒட்டிக்கொண்டு, பிறகு தானாக விடுபடுகிறது. வடக்கு விளக்கின் சிவப்புக் கண்ணாடியில் புழுதி அடை அடையாகப் படிந்திருந்தது. லோரியில் உயரமான இருக்கையில் வெயிலுக்கு எதிரே வருகிற ஆளுக்குப் பச்சை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அவள் உடனே விளக்குகளை அணைத்தாள். நான்கு பக்கமும் மஞ்சள் மட்டும் விட்டு விட்டு எரியும்படி செய்துவிட்டு, முதலாளி லியனார்டுக்கு போன் போட்டாள்.

“பாஸ், தெலுக் ஜங்ஷன நான் அணைச்சிட்டேன்.”

“யார் சொன்னா உன்ன அணைக்க? பேக்டரிக்காரங்க கத்துவாங்க லா. திருப்பிப் போடு.”

“போட மாட்டேன். புதுப் பெட்டி வர்ற வரைக்கும் இது இப்படித்தான் இருக்கும்.”

“உர்சுலா.”

“ரெண்டு பக்கமும் பச்ச வருது பாஸ். நான் கண்ணால பார்த்தேன்.”

“அத யார்கிட்டயும் சொல்லாத,” என்றார் லியனார்ட்.

அந்த அலமாரிக்குள் இருந்தது மிகப் பழைய பெட்டி. எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செய்தது. அதற்கு முன்னால் விளக்குகளை மாற்றியவை மோட்டாரும் பல்சக்கரமும். ஒரு தண்டு சுற்றும், அதில் இருக்கும் மேடுகள் ஒவ்வொரு விளக்காகத் தட்டிவிடும். பிறகு பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு வைத்த பெட்டிகள் வந்தன. அதற்கும் பிறகு வந்தது டிரான்சிஸ்டர் தலைமுறை. இது அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. சுற்றுவதற்குச் சக்கரம் கிடையாது. கணினியும் கிடையாது. கட்டைவிரல் அளவில் ஒரு கெப்பாசிட்டர் மின்சாரத்தால் மெல்ல நிரம்பும். நிரம்பியதும் பெட்டி அடுத்த விளக்குக்குப் போகும். திரும்பக் காலியாகி, திரும்ப நிரம்பும். அதுதான் அதற்குத் தெரிந்த நேரக்கணக்கு. கோலாலம்பூரில் ஏதோ ஒரு சந்தியில் வேலைசெய்துகொண்டிருந்ததை, நகரத்து விளக்குகளெல்லாம் கணினிக்கு மாறியபோது கழற்றியிருக்கிறார்கள். பிறகு தொழிற்பேட்டை உருவானபோது இங்கே கொண்டுவந்து மாட்டினார்கள். தனியார் சாலை என்பதால் அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பெட்டி பழையதாக இருந்ததில் மட்டும் குற்றமில்லை. அதற்குள் ஒரு காவல் கார்டு உண்டு. எதிரெதிர் பச்சைகள் சேர்ந்து எரிந்தால் அரை வினாடிக்குள் கண்டுபிடித்து, எல்லா விளக்குகளையும் நிறுத்தி மஞ்சளுக்கு மாற்றிவிடும். அது வேலை செய்திருந்தால் மாதவி இன்று இரண்டு காலால் நடந்துகொண்டிருப்பாள்.

அது ஏன் வேலை செய்யவில்லை என்பதும் உர்சுலாவுக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னால் பழைய குமிழ் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி விளக்குகளைப் போட்டார்கள். அணைந்திருக்கும் விளக்கில் கசியும் துளி மின்சாரத்தைப் பழைய குமிழ் விழுங்கிவிடும். எல்.இ.டி விழுங்காது. குமிழுக்காகச் செய்யப்பட்ட கார்டு அந்தக் கசிவைப் பார்த்து, விளக்கு எரிகிறது என்று நினைத்துக்கொண்டது. தினமும் ஐந்து முறை ஆறு முறை விளக்குகளை நிறுத்தியது. தொழிற்சாலைகள் புகார் மேல் புகார் அனுப்பின. “கார்ட பைபாஸ் பண்ணிடு. அடுத்த மாசம் புதுப் பெட்டி வந்துடும்,” என்றார் லியனார்ட்.

உர்சுலா ஒரு சிவப்பு ஒயரை எடுத்து, கார்டின் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பற்றவைத்தாள். கார்டு அன்றோடு குருடாகிவிட்டது. அடுத்த மாதம் புதுப் பெட்டி வரவில்லை. இரண்டு முறை ஞாபகப்படுத்தி மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்றாவது முறை அனுப்பவில்லை. மற்ற வேலைகள் வந்தன, மறந்துபோனாள்.

விபத்து நடந்த ஐந்தாவது நாள், நான்கு வருடமாக வராத புதுப் பெட்டி வந்து சேர்ந்தது. லியனார்ட் அவளை அறைக்குள் கூப்பிட்டார். அறுபது வயது மனிதர். கிள்ளான் மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர். மேசையில் ஒரு படிவமும் ஒரு கட்டுக் காகிதமும் இருந்தன.

“பழச கழட்டி பழைய இரும்புக்குப் போட்டுடு. புதுசு மாட்டினதுக்கு இதுல கையெழுத்துப் போடு.”

படிவத்தில் புதுப் பெட்டியை மாட்டிய தேதி மார்ச் மூன்று என்று இருந்தது.

“இன்னிக்கு இருபத்திநாலு பாஸ்.”

“எனக்குத் தெரியாதா?”

அவள் அந்தக் காகிதக் கட்டைப் புரட்டினாள். மார்ச் மூன்றிலிருந்து பத்தொன்பது வரை விளக்குகள் எந்த வினாடியில் எந்த நிறத்தில் இருந்தன என்று பெட்டியே எழுதிவைக்கும் பதிவு, அதாவது ‘லாக்’. பத்தொன்பதாம் தேதி இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு வடக்கே சிவப்பு என்று தெளிவாக அச்சாகியிருந்தது. புதிய பெட்டிகளில் கடிகாரமும் நினைவகமும் உண்டு. பட்டறையில் வைத்துத் தேதியைப் பின்னுக்குத் தள்ளி, வேகமாக ஓடவிட்டு எடுத்திருக்கிறார்கள்.

“அந்த லோரிக்காரர் ஜெயிலுக்குப் போவாரு,” என்றாள்.

“அவருக்கு இன்சூரன்ஸ் இருக்கு, லாயர் இருக்கு. நம்மள பாரு. அந்த ஒயர் போட்டது யாரு? நானா? கம்பெனி போச்சுன்னா முதல்ல போறது நீதான் உர்சுலா. உன்னையும் சேர்த்துத்தான் நான் காப்பாத்துறேன்.”

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் அவளை இரண்டு நிமிடம் அங்கேயே உட்காரவைத்தது. பிறகு படிவத்தை அவர் பக்கமே தள்ளினாள்.

“பெட்டிய மாட்டுறேன். கையெழுத்து போட மாட்டேன்.”

மத்தியானத்துக்குள் புதுப் பெட்டியை மாட்டிமுடித்தாள். பழையதைக் கழற்றியபோது எதையும் துடைக்கவில்லை, எந்த ஒயரையும் பிடுங்கவில்லை. சிவப்பு ஒயர் போட்டபடியே இருந்தது. முப்பது கிலோ இருக்கும். பக்கத்துத் தொழிற்சாலைக் காவலாளியின் உதவியோடு தன் காரின் பின்னிருக்கையில் ஏற்றி, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டாள். பழைய இரும்புக் கடை வலது பக்கம். அவள் இடது பக்கம் திரும்பி நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனாள்.

அங்கே இருந்த சார்ஜன்ட் பெயர் குரு. பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

“என்னக்கா இது, ரேடியோவா?”

“பத்தொன்பதாம் தேதி விபத்துல விளக்க ஓட்டினது இதுதான். இத நீங்க சாட்சிப் பொருளா எடுத்துக்கணும்.”

“உங்க கம்பெனி வேற பெட்டின்னு சொல்லி லெட்டர் கொடுத்திருக்காங்களே.”

“பொய்.”

“அப்ப நீங்க ரிப்போர்ட் கொடுக்கணும். எழுதினா பிறகு மாத்த முடியாது. தெரியும்தானே?”

“மாத்துறதுக்கா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தேன்?”

குரு தயங்கினார். வைக்க இடமில்லை என்றார். விசாரணை அதிகாரி வரட்டும் என்றார். உர்சுலா வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி வந்து, பெட்டியைப் படம் எடுத்து, முத்திரை வைத்து, ரசீது கொடுத்த பிறகுதான் எழுந்தாள். ரிப்போர்ட்டில் சிவப்பு ஒயரைப் பற்றியும் எழுதியிருந்தாள். ‘பற்றவைத்தது நான்’ என்பதும் அதில் இருந்தது.

மறுநாள் வேலை போயிற்று. ஒரு வரி மின்னஞ்சல்தான். அவள் அதை எதிர்பார்த்திருந்தாள்.

மாதவியைப் பார்க்க கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனது அவள் எதிர்பார்த்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. பழம் வாங்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்து, வெறுங்கையோடு போனாள். மாதவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உர்சுலா தான் யார் என்று சொன்னாள். ஒயரைப் பற்றிச் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

மாதவி கடைசிவரை கேட்டாள். பிறகு போர்வையை விலக்கிக் காலைக் காட்டினாள்.

“நல்லா பாருங்க அக்கா.”

உர்சுலா பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

“மன்னிப்பு கேக்க வந்தீங்களா?”

“இல்ல. மன்னிப்பு கேட்டா நீ ஏதாவது பதில் சொல்லணும். உன்கிட்ட எதையும் வாங்கிட்டுப் போக நான் வரல. அந்த லோரிக்காரர் பொய் சொல்லல. அத உனக்குச் சொல்லணும்னுதான் வந்தேன்.”

மாதவி போர்வையை இழுத்துக் காலை மூடினாள். “அவரத்தான் நான் தினமும் திட்டிக்கிட்டிருந்தேன்,” என்றாள். “இத கோர்ட்டுல சொல்வீங்களா? இங்க ரூமுக்குள்ள சொல்றது எனக்கு வேணாம்.”

“சொல்வேன்.”

“உங்களுக்கு என்ன ஆகும்?”

“ஆகுறது ஆகட்டும்.”

“அப்ப போய்ச் சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் உங்ககூட பேசுவேன்.”

பழனியப்பனுக்காக வாதாட வந்த வக்கீல் முகுந்தன், பங்சாரில் அலுவலகம் வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர். உர்சுலா சொன்னதைக் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு கவலைப்பட்டார். “அக்கா, பழைய பெட்டிய மார்ச் மூணாம் தேதியே கழட்டி ஸ்டோர்ல வச்சிருந்தோம்னு அவங்க சொல்வாங்க. நீங்க முதலாளி மேல உள்ள கோவத்துல ஸ்டோர்ல இருந்து தூக்கிட்டு வந்தீங்கன்னு சொல்வாங்க. படிவத்துல உங்க கையெழுத்து இல்லன்னாலும், அவங்ககிட்ட அந்த லாக் இருக்கு. கோர்ட்டு பேப்பரத்தான் நம்பும்.”

பழனியப்பன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். “அந்தப் பொண்ணு எப்படிம்மா இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் லியனார்ட் பிரிக்பீல்ட்ஸுக்கு அவள் வீடு தேடி வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“கடைசியா கேக்குறேன். ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கு. நான் திரும்ப வேலைக்கு எடுத்துக்கறேன்.”

“வேண்டாம்.”

“நீ பெரிய இவளா? நாலு வருஷம் வாய மூடிட்டுத்தானே இருந்த? இப்ப என்ன திடீர்னு நீதி நியாயம்?”

“ஆமா, மூடிட்டுத்தான் இருந்தேன்,” என்றாள் உர்சுலா. “அதத்தான் அங்க முதல்ல சொல்லப் போறேன். நீங்க என்னை மிரட்ட வச்சிருக்கிற ஒரே விஷயத்த நானே சொல்லிட்டா, அப்புறம் உங்ககிட்ட என்ன இருக்கு?”

லியனார்ட் படியிறங்கிப் போனார்.

அரசுத் தரப்பு கொடுத்த லாக்கின் நகலை முகுந்தன் அவளுக்கும் மாதவிக்கும் அனுப்பியிருந்தார். நூற்று நாற்பது பக்கம். உர்சுலா அதை மூன்று நாள் உட்கார்ந்து படித்தாள். தப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. தொண்ணூற்றிரண்டு வினாடிக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை. எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது.

நான்காம் நாள் காலை மாதவி போன் செய்தாள். கோர்ட்டுக்குப் பிறகுதான் பேசுவேன் என்று சொன்னவள்.

“அக்கா, ஏழாம் தேதி பக்கத்தைப் பாருங்க.”

“பார்த்தேன். ஒழுங்காத்தான் இருக்கு.”

“அதான் சொல்றேன். ஏழாம் தேதி பேட்டை முழுக்க கரண்ட் இல்ல. காலைல பத்து மணிக்குப் போனது சாயந்திரம் நாலு மணிக்குத்தான் வந்துச்சு. மெஷின் ஓடலன்னு காலை ஷிப்ட வீட்டுக்கு அனுப்பிட்டு, எங்கள வரவேணாம்னு மெசேஜ் போட்டாங்க. அது இன்னும் என் போன்ல இருக்கு. கரண்டே இல்லாம இந்த லைட்டு மட்டும் எப்படி எரிஞ்சுச்சாம்?”

உர்சுலா பக்கத்தை எடுத்தாள். பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தொண்ணூற்றிரண்டு வினாடிக்கு ஒருமுறை மாறாமல் ஓடியிருந்தது. அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவள். அந்தச் சாலையில் தினமும் போய்வந்தவள் மாதவிதான்.

வழக்கு ஜூலையில் வந்தது. லியனார்ட் சாட்சி சொன்னார். புதுப் பெட்டி மூன்றாம் தேதி மாட்டப்பட்டது, லாக் உண்மையானது என்றார். அடுத்து உர்சுலா கூண்டில் ஏறினாள். முகுந்தன் முதல் கேள்வி கேட்பதற்கு முன்பே அவள் நீதிபதியிடம், காவல் கார்டைக் குருடாக்கிய ஒயரைப் பற்றவைத்தது தான் என்றும், முதலாளி சொல்லிச் செய்ததாகவும், ஆனால் செய்தது தன் கை என்றும் மலாய் மொழியில் சொன்னாள். அந்த வாக்குமூலம் தனக்கு எதிராகவே பயன்படலாம் என்று நீதிபதி எச்சரித்தார். தெரியும் என்றாள்.

முத்திரை உடைத்து மேசைமேல் வைத்த பெட்டியை அரசு வக்கீல் காட்டினார்.

“இது அன்று என்ன பதிவு செய்தது என்று உங்களால் காட்ட முடியுமா?”

“முடியாது. இதற்கு நினைவே கிடையாது. இது செய்யப்பட்ட காலத்தில் அப்படி ஒன்று இந்தப் பெட்டிகளில் இல்லை. கடிகாரமும் கிடையாது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டும் இதற்குத் தெரியும். மணி என்ன என்று தெரியாது.”

“அப்படியானால் நீங்கள் சொல்வதற்கு ஆதாரமே இல்லை. நிறுவனத்தின் புதுப் பெட்டியிலோ ஒவ்வொரு வினாடிக்கும் பதிவு இருக்கிறது.”

“ஆமாம். அதை நம்பலாமா என்று பார்ப்போம். ஏழாம் தேதி, காலை பத்து மணி. முப்பத்தேழாம் பக்கத்தைத் தயவுசெய்து திருப்புங்கள்.”

மின்சாரம் தடைபட்டதற்கான கடிதத்தையும் தொழிற்சாலையின் அறிவிப்பையும் முகுந்தன் கொடுத்தார். நீதிபதி பக்கத்தையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். லியனார்டை மீண்டும் கூப்பிட்டார்கள். பேட்டரியில் ஓடியிருக்கலாம் என்றார் அவர். அப்படியானால் மின்சாரம் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் புதுப் பெட்டி தானாகவே குறித்திருக்குமே, அது எங்கே என்று முகுந்தன் கேட்டார். லியனார்ட் தண்ணீர் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து அரசுத் தரப்பு வழக்கை வாபஸ் வாங்கியது. பழனியப்பன் விடுதலையானார். நீதிமன்றத்து வெளித்தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த மாதவிக்கு முன்னால் அவர் போய் நின்றார்.

“உங்கள நான் ரொம்ப திட்டிட்டேன் அங்கிள்,” என்றாள் மாதவி.

அவர் கையை மட்டும் ஆட்டினார். பிறகு அப்படியே சுவரோரம் குந்திக்கொண்டு அழுதார்.

மாதவி உர்சுலாவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. “கம்பெனி மேல கேஸ் போடப் போறேன் அக்கா. உங்க மேலயும்தான்.”

“போடு,” என்றாள் உர்சுலா. “நான் சாட்சிக்கும் வரேன்.”

“அதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு வீட்டுக்கு வாங்க. அந்தக் கார்டு எப்படி வேல செய்யும்னு எனக்கு ஒண்ணு விடாம சொல்லிக்கொடுங்க. லாயர் கேக்குறப்ப நான் முழிக்கக்கூடாது.”

ஆகஸ்டில் காவல் கார்டு விவகாரத்தில் உர்சுலாவைப் போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். லியனார்டைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு அதிகாரிகள், ஒரு நீண்ட மேசை. வக்கீல் கூட வரவில்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். எல்.இ.டி மாற்றியபோது காவல் கார்டு நிறுத்தப்பட்ட மற்ற ஐந்து சந்திகளின் பெயர்கள் அதில் இருந்தன. முந்தின இரவு பழைய வேலைக் குறிப்பேடுகளைப் புரட்டியபோதுதான் அவளுக்கு அவை ஞாபகம் வந்தன. இரண்டு இடங்களில் அவள் கை. மூன்று இடங்களில் வேறு ஆட்களின் கை.

மூத்த அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதை நீங்கள் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை. உங்கள் மேல் குற்றம் அதிகமாகத்தான் ஆகும்.”

“தெரியும் சார். இதில் இரண்டாவது சந்தி ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கிறது. நீங்கள் என்னை விசாரிப்பதை மத்தியானத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அங்கே யாரையாவது அனுப்பி விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். நான் எங்கேயும் போகப் போவதில்லை.”

அதிகாரி போனை எடுத்தார். உர்சுலா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.